ஆறு பக்கக் கட்டுரையும் ஒரு கண்மாயும்: முதுகலை வகுப்பில் மூன்று முறை எழுதப்பட்ட திறனாய்வு

## பின்னணி

தென்மாவட்டக் கலைக் கல்லூரி ஒன்றில் முதுகலைப் பொருளியல் மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பொருளியல் நடத்துகிறேன். இங்கே பதிவு செய்வது அந்த வகுப்பின் ஒரு பருவத்தில் நடந்தது. மாணவர்கள் 22 பேர். பாதிக்கு மேல் தமிழ்வழியில் இளங்கலை முடித்தவர்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண் 25. அதில் அசைன்மென்டுக்கு 5.

அந்த 5 மதிப்பெண்ணுக்கு வழக்கமாக என்ன நடக்கும் என்று கல்லூரிப் படி மிதித்த எல்லோருக்கும் தெரியும். ஏ4 தாளில் மார்ஜின் போட்டு, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, போன வருஷத்து சீனியரிடம் வாங்கிய நோட்ஸைப் பார்த்து நிரப்பி, டேக் கட்டிக் கொடுப்பார்கள். நாங்களும் பக்கத்தை எண்ணி மார்க் போடுவோம். அதைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாமே என்று, பாடப்பகுதியில் பெயரளவில் வரும் ஒரு கட்டுரையை முழுதாகப் படித்து எழுதச் சொன்னேன். கேள்வி ஒரே வரி: "காரெட் ஹார்டின் எழுதிய ‘பொதுவளங்களின் அவலம்’ கட்டுரையை விமர்சனம் செய்க. 4 பக்கம்."

கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. ஹார்டின் அமெரிக்கச் சூழலியலாளர். கட்டுரை 1968 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆங்கிலத்தில் ஆறே பக்கம். யார் வேண்டுமானாலும் மாடு விடக்கூடிய ஒரு மேய்ச்சல் நிலம். கூடுதலாக ஒரு மாடு விட்டால் லாபம் முழுவதும் விட்டவனுக்கு. புல் குறைவதால் வரும் நஷ்டம் மட்டும் எல்லோருக்கும் பங்கு. எனவே ஒவ்வொருவரும் இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று விட, நிலம் அழியும். இந்த உவமையை 1833இல் வில்லியம் ஃபார்ஸ்டர் லாயிட் எழுதிய சிறு நூலிலிருந்து எடுத்ததாக ஹார்டினே சொல்கிறார். ஆனால் அவர் கட்டுரை மாட்டைப் பற்றியது அல்ல, மக்கள்தொகையைப் பற்றியது. பிள்ளை பெறும் சுதந்திரத்தை அப்படியே விடக் கூடாது, பாதிக்கப்படுவோரில் பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்ட கட்டாயம் வேண்டும் என்பதுதான் அவர் வந்து சேரும் இடம். மேய்ச்சல் நிலம் புகழ் பெற்றுவிட்டது. மீதியைப் படிப்பவர் குறைவு.

இதை எழுத, இதில் மையமாக வரும் மாணவியிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். ஊர், ஆண்டு, பெயர் எதுவும் தரவில்லை.

## முதல் வரைவுகளில் கண்டது

குறித்த நாளில் 20 வந்தன, இரண்டு தாமதமாக வந்தன. எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன்.

19 பேர் மேய்ச்சல் நிலத்தோடு நின்றுவிட்டார்கள். மக்கள்தொகை என்ற சொல்லே அவர்கள் தாள்களில் இல்லை. ஆறு தாள்களில் ஒரே வாக்கியம், எழுத்துப் பிசகாமல் இருந்தது: "ஹார்டின் அவர்களின் இக்கட்டுரை சுற்றுச்சூழல் சிந்தனையில் ஒரு மைல்கல்லாக விளங்குகிறது." ஏன் மைல்கல், எந்தப் பாதையில் மைல்கல் என்று ஆறிலும் இல்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன்.

"போன்ல வந்துச்சு சார்" என்றார். ஒளிக்கவெல்லாம் இல்லை. தப்பு என்று தோன்றினால்தானே ஒளிப்பார்கள்.

இன்னொரு ஒற்றுமை கவனத்தை இழுத்தது. ஏறத்தாழ எல்லாத் தாள்களும் "மொத்தத்தில்" என்று தொடங்கும் பத்தியில் முடிந்தன. "மொத்தத்தில் இக்கட்டுரை அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய ஒன்று." "மொத்தத்தில் சில குறைகள் இருப்பினும் சிறந்த படைப்பு." படம் பார்த்துவிட்டு எழுதும் விமர்சனத்தின் கடைசி வரி இது, நட்சத்திரம் போடாததுதான் பாக்கி. பிறகுதான் உறைத்தது. நான் கேள்வியில் எழுதிய சொல் "விமர்சனம்". நம் காதில் அந்தச் சொல்லுக்கு இரண்டே பொருள்: ஒன்று சினிமா, மற்றது திட்டுவது. அறிமுகமில்லாத ஒரு அமெரிக்கப் பேராசிரியரைத் திட்ட மாணவர்களுக்கு மனம் வரவில்லை. அதனால் வாழ்த்திவிட்டார்கள். நூல் வெளியீட்டு விழா மேடைகளில் நாம் பழக்கி வைத்திருப்பதும் அதைத்தானே.

## எடுத்த முடிவும் காரணமும்

ஆறு பேர் விஷயத்தை முதலில் முடிக்க வேண்டியிருந்தது. ஜீரோ போடலாம் என்றார் சக ஆசிரியர் ஒருவர். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளை எடுத்துப் பார்த்தேன். ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாக நடவடிக்கை என்று ஆய்வேடுகளுக்குத்தான் அது வகுத்திருக்கிறது. அசைன்மென்ட், பருவக் கட்டுரை போன்றவற்றை விதியே வெளியே விட்டிருக்கிறது. ஆக, முடிவு என் கையில். தண்டிப்பதைவிடத் திருப்பி எழுதச் சொல்வதே சரி என்று பட்டது. அப்படிச் சொன்னால் 22 பேருக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் காப்பி அடிக்காத 16 பேரும் அதே கட்டுரையைத்தான் சொந்தக் கையால் எழுதியிருந்தார்கள்.

எப்படித் திருப்பி எழுதச் சொல்வது என்பதற்கு வழி ஸ்டாஃப் ரூமில் கிடைத்தது. தமிழ்த்துறை நண்பரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "எழுவகை மதம் படிச்சதில்லையா நீங்க?" என்றார். மதம் என்றால் இங்கே கொள்கை. நன்னூலில் பவணந்தி சொல்லும் ஏழு: உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல், தான் ஒன்றை நாட்டி அதை நிறுவுதல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டுதல், பிறரோடு சேராமல் தன் கருத்தைக் கொள்ளுதல். சூத்திரத்தை அவர் மனப்பாடமாகச் சொன்னார். எனக்கு மூன்றாவதில் காது நின்றது. பிறர் கருத்தை முதலில் மேற்கொள்ள வேண்டும். களைவது அதற்குப் பிறகு. என் மாணவர்களில் யாரும் ஹார்டினை மேற்கொள்ளவே இல்லை. ஏற்றதும் மறுத்ததும் வாசலில் நின்றபடிதான்.

வேலையை மூன்றாகப் பிரித்தேன். முதலில் ஒரு பக்கச் சுருக்கம்: ஹார்டினே படித்தால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று கையெழுத்துப் போடும்படி இருக்க வேண்டும். பாராட்டுச் சொல் ஒன்றுகூட வரக் கூடாது. அடுத்தது எதிர்வினை, அதுவும் ஒரு பக்கம்: எந்த வாக்கியத்தில் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள். கடைசியில் திறனாய்வு: அவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமானால் வேறு எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்? அவை அப்படி இருக்கின்றனவா?

சுருக்கம் எழுத எல்லோரும் கட்டுரையைப் படித்தாக வேண்டும். போனைப் பையில் வைக்கச் சொல்லிவிட்டு, ஆங்கிலப் பத்தியை நான் வாசிக்க, அதன் பொருளை அவர்கள் தமிழில் சொல்ல, இரண்டு வாரம் போனது. பார்க்கிங் மீட்டர் உதாரணம், தேசியப் பூங்கா உதாரணம், மனசாட்சியை நம்பினால் மனசாட்சி உள்ளவன்தான் தோற்பான் என்ற பகுதி எல்லாம் வகுப்புக்குப் புதிது. மக்கள்தொகைப் பகுதி வந்தபோது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், இதுக்காகத்தான் மாட்டுக் கதை சொன்னாரா?" அந்த இரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த நல்ல கேள்வி அதுதான்.

## இடையில் நான் செய்த பிழை

சுருக்கங்கள் ஓரளவு தேறின. அடுத்து எதிர்வினை. அதற்கு உதவட்டும் என்று எலினோர் ஆஸ்ட்ரம் பற்றி நான்கு பக்கக் குறிப்பு தயாரித்துக் கொடுத்தேன். பொதுவளங்களை மக்களே விதி வகுத்து நெடுங்காலம் காத்த இடங்களை ஆராய்ந்தவர் அவர். ஸ்பெயினின் வலென்சியா பாசனம், சுவிட்சர்லாந்து மலைக் கிராமத்தின் மேய்ச்சல் நிலம், பிலிப்பைன்ஸின் பாசனச் சங்கங்கள் எல்லாம் 1990இல் வந்த அவருடைய நூலில் உண்டு. எல்லை தெளிவாக இருக்க வேண்டும், கண்காணிப்பவர் வேண்டும், தவறுக்குத் தகுந்தபடி தண்டனை கூட வேண்டும் என்பது போல் எட்டுக் கூறுகளை வகுத்தார். 2009இல் பொருளியல் நோபல் பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

விளைவு கபடி ஸ்கோர் போல இருந்தது. 13 தாள்களில் ஆஸ்ட்ரம் ஹார்டினை "முறியடித்தார்", "தோற்கடித்தார்", ஒன்றில் "தவிடுபொடியாக்கினார்". எதிர்வினை என்பது தன்னுடையதாக இருக்க வேண்டும். நான் அதற்கு முன்பே நடுவரை வரவழைத்து விசில் ஊதச் செய்துவிட்டேன். நோபல் பரிசு என்று தெரிந்த பிறகு எந்த மாணவர் மறுபக்கம் நிற்பார்? குறிப்பைத் திரும்ப வாங்க முடியாது, படித்ததை மறக்கச் சொல்லவும் முடியாது.

இரண்டு தாள்கள் தனித்து நின்றன. ஒன்று, குறிப்பு கொடுத்த அன்று லீவு போட்ட ஒரு மாணவருடையது. மற்றது, குறிப்பைப் படித்தும் தன் ஊரைப் பற்றி எழுதிய ஒரு மாணவியுடையது.

## இரண்டு எதிர்வினைகள்

மாணவர் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். அவர் எழுதியது: "ஹார்டின் சொன்னது எங்கள் ஊரில் அப்படியே நடந்துள்ளது. என் அப்பா காலத்தில் மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. இப்போது அது அழிந்துவிட்டது." வகுப்பு முடிந்து அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆடு அதிகமாயித்தான் அழிஞ்சதா?"

யோசித்தார். "இல்ல சார். வேலி போட்டுட்டாங்க."

"யாரு?"

சொன்னார். அதை இங்கே எழுதத் தேவையில்லை. மேய்த்தவர்கள் நிலத்தை அழிக்கவில்லை. மேய்க்காத ஒருவர் வளைத்துக்கொண்டார். ஹார்டினுக்கு ஆதரவாக அவர் கொண்டுவந்த சாட்சி, குறுக்கு விசாரணையில் வேறு கதை சொல்லியது. எதிர்வினைக் கட்டுரையில் "நான்" வரலாமா கூடாதா என்று ஆசிரியர்கள் வாதிடுவதுண்டு. தாராளமாக வரலாம் என்பது என் கட்சி. ஆனால் கூண்டில் ஏறிய சாட்சியை ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

மாணவியின் தாள் இப்படித் தொடங்கியது: "எங்கள் ஊர்க் கண்மாயில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் ஒற்றுமையாகத் தண்ணீரைப் பகிர்ந்து வருகின்றனர். எனவே ஹார்டின் கூறுவது தவறு." தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்ற தகவலையும் சேர்த்திருந்தார். தகவல் சரி. ஆனால் "எனவே"வுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வாக்கியங்களும் கை கோர்க்கவில்லை. தாளின் ஓரத்தில் மூன்று கேள்வி எழுதினேன்: நூறு ஆண்டு என்று எப்படித் தெரியும்? தண்ணீர் குறைந்த வருஷம் என்ன செய்வார்கள்? மடையைத் திறப்பது யார்?

மூன்றாவது கேள்விக்கு அவர் நேரில் வந்தார்.

"நீர்பாய்ச்சிதான் சார் தொறப்பாரு. வேற யாரும் மடையில கை வைக்கக் கூடாது."

"யாரும்மா அவரு? ஊர்ல வயல் உள்ளவரா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தா சார். எங்களுக்கு ஆயக்கட்டுல ஒரு சென்ட் கூடக் கிடையாது."

"இது ஏம்மா கட்டுரையில இல்ல?"

"அது அசைன்மென்ட்ல எழுதுற விஷயமா சார்?"

அடுத்த வாரம் எதிர்வினைகளை ஒவ்வொருவராக வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று அறிவித்திருந்தேன். அன்று மாலையே அதை ரத்து செய்தேன். நீர்பாய்ச்சி வேலை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் எந்தத் தெருவுக்கு உரியதாக இருந்தது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். வாசித்தால் அவர் திறப்பது கண்மாய் மடையை மட்டும் அல்ல. சொந்த அனுபவத்தை எழுது என்று சொல்லும்போது, எழுத எதுவும் இழக்க வேண்டாத பிள்ளையையும் நிறைய இழக்க வேண்டியிருக்கும் பிள்ளையையும் ஒரே தராசில் வைக்கிறோம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எழுதுவதா விடுவதா என்பதை அவரிடமே விட்டேன். எழுதினால் நான் மட்டும்தான் படிப்பேன் என்றும் சொன்னேன்.

## மூன்றாம் வரைவு

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் தாத்தாவிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். திரும்பி வந்து கொடுத்த தாளில் "நூறு ஆண்டு" இல்லை. "தாத்தாவுக்குத் தெரிந்த காலத்திலிருந்து" என்று இருந்தது. "ஒற்றுமையாக" என்ற சொல்லும் போயிருந்தது. அதற்குப் பதில், தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது, கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாமல் அடிதடி ஆன ஒரு வருஷம், கூலியாக அறுவடையில் தாத்தாவுக்கு அளந்து கொடுத்த நெல் எல்லாம் வந்திருந்தன. நடுப்பகுதியை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

"ஹார்டினின் மேய்ச்சல் நிலத்தில் இடையர் எல்லோரும் சமம். இன்னொரு மாடு விட எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு. எங்கள் கண்மாயில் அப்படி இல்லை. மடையைத் திறப்பவருக்கு நிலம் கிடையாது. நிலம் உள்ளவர் மடையைத் தொடக் கூடாது. தண்ணீர் நியாயமாகப் பங்கானதற்குக் காரணம், பங்கிட்டவருக்கு அதில் பங்கு இல்லாததுதான்."

இதைப் படித்துவிட்டு எழுந்து வராந்தாவில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். கண்காணிப்பவர் வேண்டும் என்று என் குறிப்பில் ஒரு வரி இருந்தது. அந்தக் கண்காணிப்பாளருக்குக் கால் முளைத்து, கையில் மண்வெட்டியோடு ஒரு ஆளாக வந்து நின்றது இங்கேதான்.

தொடர்ந்து அவர் எழுதியது: "கண்மாய் காப்பாற்றப்பட்டது உண்மை. யாருடைய உழைப்பில், யாருக்காக என்று ஹார்டினும் கேட்கவில்லை, அவரை மறுப்பவர்களும் கேட்கவில்லை."

முதல் வாக்கியத்தைத் தொடவில்லை. இரண்டாவதைச் சுழித்தேன். ஹார்டினை மறுப்பவர்கள் எத்தனை பேரை நீ படித்தாய்? நான் தந்த நான்கு பக்கம் மட்டும்தானே? அதை வைத்து எல்லோர் மேலும் வழக்குப் போட முடியாது. அவர் மாற்றி எழுதினார்: "நான் படித்த குறிப்பில் அந்தக் கேள்வி இல்லை." சத்தம் குறைந்தது. ஆனால் இப்போது அந்த வாக்கியத்தை யாராலும் அசைக்க முடியாது. பொதுவளங்கள் பற்றிய ஆய்வுலகில் சாதி, நிலவுடைமை பற்றிய கேள்விகள் எழுந்திருக்கின்றன என்பதை அவருக்குப் பிறகு சொன்னேன்.

எனக்கு வியப்பாக இருந்தது கடைசிப் பத்தி. தாத்தா ஒன்று சொல்லியிருக்கிறார்: போர் போட்ட பிறகு மடைப் பக்கம் யாரும் வருவதில்லை. நிலம் உள்ளவர் ஒவ்வொருவரும் ஆழ்துளைக் கிணறு இறக்கிவிட்டார்கள். ஒருவர் ஆழப்படுத்தினால் பக்கத்துக்காரரும் ஆழப்படுத்துகிறார். முறை இல்லை, நீர்பாய்ச்சி இல்லை, எவ்வளவு எடுத்தோம் என்று பார்க்க ஆள் இல்லை. மாணவி எழுதினார்: "ஹார்டினின் மேய்ச்சல் நிலம் எங்கள் கண்மாய்க்குப் பொருந்தவில்லை. கண்மாய்க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்குப் பொருந்துகிறது." இரண்டாம் வரைவான எதிர்வினையில் ஹார்டின் முழுத் தவறு. மூன்றாவதில் அவர் எங்கே சரி, எங்கே சரியில்லை என்று ஒரே ஊரில் இரண்டு இடத்தைக் கை நீட்டிக் காட்டிவிட்டார்.

மற்றவர்கள் எழுதியதில் குறிப்பிட வேண்டியது ஒன்று உண்டு. ஊர் மக்களே கண்மாய், வாய்க்கால்களைச் செப்பனிடும் குடிமராமத்தை முன்னோர்களின் ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டிய ஒருவரிடம், அந்த வேலைக்கு ஆள் வரவைக்க 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது ஏன் என்று கேட்டேன். அவர் நூலகத்துக்குப் போனார், "ஒற்றுமை"யைக் கேள்விக்குறியோடு எழுதிக்கொண்டு வந்தார். அது போதும்.

## மதிப்பெண் தகராறு

ஹார்டினின் மக்கள்தொகைக் கருத்தை முழுக்க ஆதரித்து, இந்தியாவிலும் கட்டாயம் வேண்டும் என்று எழுதிய மாணவர் ஒருவருக்கு 5க்கு 2 போட்டிருந்தேன். அவர் துறைத்தலைவரிடம் போய்விட்டார். "சாருக்குக் கருத்து பிடிக்கல, அதான் மார்க் குறைச்சிட்டார்" என்பது புகார்.

தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் நான் எழுதியிருந்தது: "ஆபத்தான கருத்து." புகாருக்கு நானே சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்டுரையின் உண்மையான குறை வேறு. கட்டாயத்துக்குப் பெரும்பான்மையினரின் ஒப்புதல் வேண்டும் என்பது ஹார்டினே வைக்கும் நிபந்தனை. அந்த ஒப்புதல் எப்படிக் கிடைக்கும் என்று மாணவர் ஒரு வரியும் எழுதவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் இங்கே நடந்த கட்டாயக் கருத்தடையைப் பற்றிப் பேச்சே இல்லை. இதைத்தான் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பெயரை மறைத்து அந்தத் தாளை வேறு இரண்டு ஆசிரியர்களிடம் கொடுத்தோம். ஒருவர் 2, ஒருவர் 3. நான் 3 ஆக்கினேன், குறிப்பையும் மாற்றி எழுதினேன். மாணவர் சமாதானமானாரா என்று சொல்ல முடியாது. வணக்கம் வைக்கிறார்.

## விளைவு

22 பேரில் மூன்றாம் வரைவைக் கொடுத்தவர்கள் 17. அதில் ஒரு கூற்றை எடுத்து நிபந்தனைகளோடு சோதித்துப் பார்த்த தாள்கள் 9. மீதி 8 பழையபடி சுருக்கமும் தீர்ப்பும். ஆனால் சுருக்கம் இப்போது ஒழுங்காக இருந்தது. "மொத்தத்தில்" மூன்று தாள்களில் உயிரோடு இருந்தது. ஐந்து பேர் இரண்டாம் வரைவோடு போதும் என்று மார்க்கை வாங்கிக்கொண்டார்கள். 5 மதிப்பெண்ணுக்கு மூன்று முறை எழுதச் சொல்வது நியாயமில்லை என்ற அவர்கள் கணக்கில் தப்பில்லை.

ஆட்டுக்காரர் வீட்டு மாணவரின் மூன்றாம் வரைவு ஒன்றரைப் பக்கம்தான். தலைப்பு மட்டும் பிரமாதம்: "வேலி போட்டவர் மாடு மேய்க்கவில்லை."

இழப்பையும் சொல்ல வேண்டும். இதற்குப் போன வாரங்களால் கடைசி யூனிட்டை ஓட்டமாக முடித்தேன். பருவத் தேர்வில் வந்த கேள்வி "பொதுவளங்களின் அவலம் – குறிப்பு வரைக", 5 மதிப்பெண். கைடு படித்தவர்களும் மூன்று வரைவு எழுதியவர்களும் அதை ஒரே மாதிரி எழுதிவிட்டு வந்தார்கள்.

மார்க் எல்லாம் போட்டு முடித்த பிறகு மாணவியிடம் ஒரு தாளைக் காட்டினேன். 1998இல் அதே ‘சயின்ஸ்’ இதழில் ஹார்டின் எழுதியது. தன் பழைய கட்டுரையின் பெரிய பிழை ஒரு பெயரடையை விட்டதுதான் என்கிறார் அதில். பொதுவளம் என்று மட்டும் எழுதிவிட்டார். ‘நிர்வகிக்கப்படாத’ என்று சேர்த்திருக்க வேண்டும். மாணவி இரண்டு முறை படித்தார்.

"அப்ப அவரே சொல்லிட்டாரா சார்?" முகத்தில் பெருமையும் கொஞ்சம் ஏமாற்றமும்.

"முப்பது வருஷம் கழிச்சு" என்றேன்.

## மாற்ற நினைப்பவை

கேள்வியிலிருந்து "விமர்சனம்" போய்விட்டது. இப்போது கேட்பது: "ஆசிரியர் சொல்வது எந்தெந்த நிபந்தனைகளில் உண்மை? அவற்றில் ஒன்றை உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துச் சோதிக்கவும்." நீளம்தான், ஆனால் வகுப்பில் யாரும் இன்னும் இதற்கு வாழ்த்துரை எழுதவில்லை.

ஆஸ்ட்ரம் குறிப்பு எதிர்வினையைக் கையில் வாங்கிய பிறகுதான். ஹார்டினின் 1998 திருத்தத்தைத் திறனாய்வுக்கு முன் கொடுத்தால் என்ன என்று ஒருமுறை சபலம் வந்தது. கொடுக்க மாட்டேன்.

ஓரக் குறிப்புகளைக் குறைத்திருக்கிறேன். முதல் வரைவுகளில் ஒரு தாளுக்கு முப்பது சிவப்புக் கோடுகூடப் போட்டேன். "எதை முதல்ல திருத்தணும்னு தெரியல சார்" என்று ஒருவர் சொன்ன பிறகு, தாளுக்கு மூன்று கேள்வி, அதற்கு மேல் இல்லை. மார்க் எதற்கு என்பதும் முன்கூட்டியே எழுத்தில்: ஆசிரியரை நேர்மையாகச் சொன்னதற்கு 2, காரணத்துக்கு 2, மொழிக்கு 1. எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு எதுவும் இல்லை. சொந்த ஊர், சொந்த வீடு எழுத விரும்பாதவர் செய்தித்தாளில் வந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாசித்துக் காட்டுவது விருப்பம் இருந்தால் மட்டும்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அந்த மாணவியின் மூன்று வரைவுகளையும் அடுத்த வகுப்புக்கு மாதிரியாகக் காட்டலாமா என்று கேட்டேன். இப்படி வெளியே எழுதுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. "வெளியூர்க்காரங்க படிச்சா பரவாயில்ல சார். ஜூனியர்ஸ்க்குக் காட்டுறதுன்னா தாத்தா வர்ற இடத்தை எடுத்துடுங்க" என்றார். எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று வரி இல்லாமல் கட்டுரை நிற்கவில்லை. மூன்று வரைவும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன.